மூன்றாவது கூப்பாடு

பொன்னுரங்கம் துடுப்பை நிறுத்தி எவ்வளவு நேரமாகிறது என்று மாதம்மாவுக்குத் தெரியவில்லை. தெரிய வேண்டுமென்றால் திரும்பிப் பார்க்க வேண்டும், அதை அவள் செய்வதாக இல்லை. பதினோரு நாளாகக் கட்டின புருஷனிடம் ஒரு வார்த்தை பேசாதவள் தண்ணீர் நடுவில் வந்தா திரும்பிப் பார்ப்பாள்? அவள் பாட்டுக்குப் பரிசலின் விளிம்பில் முழங்காலை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து வலையை இழுத்துக்கொண்டிருந்தாள். பரிசலில் ரெண்டு பேரும் முதுகுக்கு முதுகாகத்தான் உட்கார வேண்டும். வலை எடுக்கிறவள் ஒரு விளிம்பு, துடுப்புப் போடுகிறவன் எதிர் விளிம்பு. ரெண்டு பேரும் ஒரே பக்கம் சாய்ந்தால் வட்டப் பரிசல் ஆளைக் கவிழ்த்துவிட்டுத் தலைமேல் உட்கார்ந்துகொள்ளும். அவன் அந்தப் பக்கம் பார்த்துப் பரிசலை வலைமேல் ஏறவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், இவள் இந்தப் பக்கம் குனிந்து இழுத்துப் போட வேண்டும். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷமாக இதுதான் பிழைப்பு. அவன் முகத்தைப் பார்த்த நேரத்தைவிட அவனுக்கு முதுகைக் காட்டின நேரந்தான் அதிகம். அதனால் என்ன குறைந்துபோச்சு, முதுகே எல்லாவற்றையும் சொல்லிவிடும். அவன் பீடி எடுக்க மடியில் கையை விட்டால் பரிசல் ஒரு விரல்கடை இடது பக்கம் இறங்கும். இருமினால் மூங்கில் பிளாச்சு அவள் முழங்காலில் அதிரும். குத்துக்காலிட்டால் ஒரு மாதிரி, சம்மணம் போட்டால் ஒரு மாதிரி. இப்போது பரிசல் சமமாகத்தான் இருந்தது. அவன் பாரம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. துடுப்புச் சத்தம் மட்டும் இல்லை.

இல்லையென்றால் போகட்டும். வீம்பு பிடித்த மனுஷன், இதுவும் ஒரு வீம்பாக இருக்கும். இவளே திரும்பி 'ஏன் துடுப்புப் போடல' என்று கேட்கட்டும் என்று குந்தியிருப்பான். கேட்டால் அவன் ஜெயித்துவிட்டான். இந்தப் பதினோரு நாளும் ரெண்டு பேரும் பரிசலிடந்தான் பேசிக்கொண்டார்கள். 'இந்தப் பரிசலுக்கு வடக்கால போவணும்னு தெரியாதா' என்று இவள் கேட்பாள். 'பரிசலுக்கென்ன கண்ணா இருக்குது, பனியப் பாரு' என்று அவன் பரிசலுக்குச் சொல்வான். பரிசல் என்ன பாவம் செய்ததோ, நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது. இன்றைக்கு அந்தப் பேச்சுகூட இல்லை. கரையிலிருந்து கிளம்பினதிலிருந்து அவன் வாயில் கொழுக்கட்டைதான். மாசி முடிகிற வரைக்கும் காவிரியில் காலையில் இப்படித்தான் பனி இறங்கி நிற்கும், அணைக்குள் தண்ணீர் வற்றி வற்றி மடுவுக்கு ஒதுங்கும், தண்ணீரோடு வாளையும் மடுவுக்கு ஒதுங்கும். பொழுது ஏறி வெயில் பட்டால் மீன் கீழே போய்ப் பாறைப் பொந்தில் தலையைக் கொடுத்துக்கொள்ளும். அதற்குள் வலையைத் தூக்கிவிட வேண்டும். பனி எவ்வளவு கெட்டியாக இருந்ததென்றால் வலையின் தக்கைகள் ஒன்றொன்றாகத்தான் அவளிடம் வந்தன. பழைய ரப்பர் செருப்பை வெட்டிக் கட்டின தக்கை, ஒரு நீலம், ஒரு கறுப்பு, அதற்கு அடுத்தது கண்ணுக்குத் தெரியாது, இழுத்தால்தான் தெரியும். நாலைந்து மீன் விழுந்துவிட்டது. ரெண்டு நல்ல வாளை, ஒன்று அவள் இடுப்புயரம் இருக்கும், மீசையும் வாயுமாக அவளுக்கும் அவனுக்கும் நடுவில் கிடந்து வாலை அடித்துக்கொண்டிருந்தது. அதன் பெரிய வாய் திறந்து மூடுகிறபோது ஒரு மாதிரி கர்ரென்று சத்தம் வரும். அதைக் கேட்டுக் கேட்டுப் பழக்கம். அதனால்தான் முதல் தரம் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தபோது அவள் வாளை என்றுதான் நினைத்தாள்.

வாளை இல்லை. வாளைக்கு 'ஆ' என்று சொல்ல வராது. தொண்டைக்குள்ளிருந்து கிளம்பி நாக்கு வரைக்கும் வந்து திரும்பிப் போன மாதிரி ஒரு 'ஆ'. அவள் கை நின்றது. வலை கையில் கனத்தது. திரும்பவில்லை. திரும்பாததற்கு வீம்பு ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு, அதைச் சொன்னால் டவுன்காரர்கள் சிரிப்பார்கள். இந்த மடுவுக்கு அடியில் பழைய ஊர் இருக்கிறது. அணை கட்டினபோது முழுகின ஊர், தெருவும் கிணறும் கோயில் கல்லுக்கம்பமும் அப்படியே இருக்கின்றன. தண்ணீர் நன்றாக வற்றினால் கம்பத்தின் தலை ஒரு முழம் வெளியே தெரியும், காக்கா வந்து உட்காரும். அந்த ஊர் கூப்பிடும் என்பார்கள். தண்ணீரில் இருக்கும்போது யாராவது கூப்பிட்டால் முதல் கூப்பாட்டுக்குத் திரும்பக்கூடாது, ரெண்டாவதுக்கும் திரும்பக்கூடாது, ஏன் என்று கேட்கக்கூடாது. மனுஷனாக இருந்தால் மூன்றாவது தரம் கூப்பிடுவான். ஊருக்கு ரெண்டு தரத்துக்குமேல் கூப்பிட வராது. கரையில் பிறந்த எல்லாரும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள், எல்லாரும் இதன்படிதான் நடப்பார்கள். மாதம்மாவும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே ஒன்று, ரெண்டு என்று எண்ணுவாள். இப்போதும் அவள் கேட்காமலே உள்ளே ஒரு எண்ணிக்கை விழுந்துவிட்டது. ஒன்று.

ஒன்றும் இல்லை, அவன் செருமியிருப்பான். நேற்றைக்கே நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறதென்று பரிசலிடம் சொன்னானே, இவளும் ஓமத்தைக் கொதிக்கவைத்து வாசற்படியில் ணங்கென்று வைத்துவிட்டு வந்தாளே, வாயுதான், வேறு என்ன. காலையில் கயிற்றை அவிழ்க்கும்போது வலது கையால் மட்டும் அவிழ்த்தான். இடது கை தொடையோடு தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்தாளா என்றால் பார்த்தாள். கேட்டாளா என்றால் கேட்கவில்லை. பரிசலில் ஏறும்போது இடது கால் ஒரு தட்டுத் தட்டி, மணலில் கோடு இழுத்துக்கொண்டு வந்தது. காலைத்தான் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை; பதினோரு நாளாக அவன் காலோடுதான் குடும்பம் நடத்துகிறாள், சோறு வைக்கும்போது கால், பாய் விரிக்கும்போது கால். முகத்தைப் பார்த்தால் அழுகை வரும், அழுதால் பேச்சு வரும், பேச்சு வந்தால் எல்லாம் வரும். அவள் பேசக்கூடாது. தம்பியைத் தின்றவனிடம் என்ன பேச்சு? தின்றவன் என்பது பெரிய வார்த்தைதான், இருக்கட்டும், வாயால் சொல்லவில்லையே, மனசுக்குள்தானே. மகா சிவராத்திரிக்கு மலைக்குப் போய்விட்டு வந்து குடித்துவிட்டு வாசலில் உட்கார்ந்து அவன்தானே அழுதான்? 'ஒந்தம்பி கூப்ட்டான் மாதா. எனக்குக் கேட்டுச்சு. நாந்தான் திரும்பல.' எட்டு வருஷம் சொல்லாமல் வைத்திருந்துவிட்டு, சாமி கும்பிட்டுவிட்டு வந்து சொன்னான். அவள் எழுந்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். அன்றைக்குப் போட்டது, இன்னும் திறக்கவில்லை.

கறுப்புத் தக்கை வந்தது. அடுத்தது நீலம் வர வேண்டும். வலை ஒரு இடத்தில் இழுபட்டது, கீழே யாரோ ஒரு விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருப்பதைப் போல, பலமாகவும் இல்லை, விடவும் இல்லை. அவள் இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாள். பழைய ஊர்க் கிணற்றின் கமலைக் கல்லாக இருக்கும். தம்பி சித்தேசு இறங்கினதும் அந்தக் கல்லுக்குத்தான். அன்றைக்கும் மாசி, அன்றைக்கும் பனி, வலை இப்படித்தான் மாட்டிக்கொண்டது. அன்றைக்குப் பரிசலில் அவள் இல்லை, அவளுடைய இடத்தில் தம்பி இருந்தான். இருபத்து மூணு வயசு, மீன் மாதிரி நீந்துவான், துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, 'மாமா, பரிசலப் புடிச்சுக்க, ஒரே முக்கு' என்று சொல்லிவிட்டு இறங்கினான். வலை விட்டுக்கொண்டது. ஆள் வரவில்லை. கீழே எங்கேயோ வலை காலில் சுற்றி, அவன் பரிசலுக்குப் பக்கத்தில் எழாமல் தள்ளிப் போய்க் கோயில் கம்பத்துப் பக்கம் எழுந்திருக்கிறான், பனியில் பரிசல் எங்கே என்று தெரியாமல் கூப்பிட்டிருக்கிறான். இவரு திரும்பல. இவருக்கு மூணாவது கூப்பாடு வேணும். மறுநாள் மத்தியானம் கரையோரம் கிடைத்தான், வலது காலில் எங்கள் வலை, எங்கள் தக்கை, நீலம், கறுப்பு. அவள் அன்றைக்குக் கரையில் இருந்தாள். கரையில் இருந்தவளுக்கு என்ன தெரியும். சோறு வடித்துவிட்டுச் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். சட்டியில் கரி போகவில்லை, மண்ணைப் போட்டுத் தேய்த்தாள். தேய்த்தாள். அப்புறம் என்ன, சட்டியைக் கவிழ்த்தாள். அவ்வளவுதான். சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

வலை விட்டுக்கொண்டது. வந்த வேகத்தில் நிறையப் பாசியும், பாசிக்குள் ஒரு துருப்பிடித்த கதவுக் கீலும் வந்தது. யார் வீட்டுக் கதவோ. இதைத் திரும்பத் தண்ணீரிலேயே போட்டுவிட வேண்டும், கரைக்குக் கொண்டுபோகக்கூடாது. போட்டாள். அது முழுகின சத்தம் கேட்டது, அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. வாளை வாலடிப்பதையும் நிறுத்திவிட்டது. பனி காதுக்குள்ளும் இறங்கிவிட்டதா என்று தலையை உதறினாள். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குத் தன் முதுகு பயமாக இருந்தது. சேலை முந்தியை எடுத்து முதுகில் போட்டுக்கொண்டாள். அங்கே பின்னால் என்ன இருக்கிறது? பாரம் இருக்கிறது. அதில் சந்தேகமில்லை, பாரம் இல்லையென்றால் இந்நேரம் அவள் பக்கம் தண்ணீர் ஏறியிருக்கும். ஆனால் பாரம் அசைகிறதா? மனுஷன் சும்மா உட்கார்ந்திருந்தாலும் பரிசலுக்குள் ஒரு மூச்சு இருக்கும், ஏறும், இறங்கும், இவளுக்கு அது முழங்காலில் தெரியும். முழங்காலைப் பிளாச்சில் நன்றாக அழுத்தி வைத்துப் பார்த்தாள். தண்ணீரின் அசைவு தெரிந்தது. மற்றது தெரியவில்லை. செத்தவனுக்கும் அதே எடைதானே. உசுரு போனால் எடை குறைகிறதா என்ன? சித்தேசைத் தூக்கும்போது நாலு பேர் வேண்டியிருந்தது. ச்சீ, என்ன நினைப்பு இது, காலங்காத்தால. வாயைக் கழுவு மாதம்மா. வாயால் எங்கே சொன்னேன், மனசுக்குள்தானே. மனசைக் கழுவு அப்படியென்றால்.

காலையில் முகத்தைப் பார்க்கவில்லை என்பது இப்போது வேறு மாதிரி வந்து குத்தியது. காலைப் பார்த்தாள், ஒரு கால் இழுத்துக்கொண்டு வந்தது. அவன் கால்தானா? பொழுது சரியாக விடியவில்லை, பனி வேறு. அவள் முன்னாலேயே வந்து பரிசலில் உட்கார்ந்துவிட்டாள், பின்னால் ஏறினது யாரென்று நிமிர்ந்தா பார்த்தாள்? பாரம் ஏறிச்சு, பரிசல் சமமாச்சு, கிளம்பிச்சு. ஒரு வார்த்தையும் பேசவில்லை. பீடி வாசனை வரவில்லை, ஆமாம், பீடி வாசனையே வரவில்லையே! கிளம்பினதும் ஒன்று பற்றவைக்காமல் அவன் துடுப்பைத் தொட்டதே கிடையாது. அப்படியென்றால் யாரை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்? அவன் வீட்டிலேயே பாயில் கிடக்கிறானா, இங்கே வேறு ஒருத்தர் ஏறி உட்கார்ந்துகொண்டு, காலிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, இவள் முதுகையே பார்த்துக்கொண்டு... கையில் இருந்த வலையை அப்படியே மாரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கருமாரி, மாரியம்மா, மலைமேல இருக்கிற மாதேசா. பைத்தியக்காரி, பத்தொன்பது வருஷமாகத் தெரியாதா உனக்கு, இந்த எடை அவருடைய எடைதான், வேறு யாருக்கும் இப்படி வலது பக்கம் அரை விரல்கடை சாய்ந்த எடை கிடையாது. இது அவர்தான். அவர்தான் என்றால் ஏன் பேசவில்லை. நீ பேசினாயா?

அப்போதுதான் ரெண்டாவது தரம் கேட்டது. முதல் தடவையைவிட மெதுவாக. 'மா' என்று ஆரம்பித்த மாதிரியும் இருந்தது, வெறும் காற்றாகவும் இருந்தது. முதுகுக்குப் பின்னால் கேட்டதா, கீழே தண்ணீரிலிருந்து வந்ததா, அதைக்கூட அவளால் சொல்ல முடியவில்லை. பனியில் சத்தத்துக்குத் திசை கிடையாது. ரெண்டு, என்று உள்ளே விழுந்தது. வேண்டாம் என்று சொல்லச் சொல்ல விழுந்தது. இனி ஒன்றுதான் பாக்கி. அவராக இருந்தால் மூன்றாவது தரம் கூப்பிடட்டும், 'ஏ மாதா' என்று வாய் நிறையக் கூப்பிடட்டும், திரும்புகிறேன், என்ன எழவு வேண்டும் என்று கேட்கிறேன், பதினோரு நாள் சண்டையையும் இந்த மடுவிலேயே விட்டுவிடுகிறேன். கூப்பிடட்டும். அவளுக்கு ஒன்றும் அவசரமில்லை. கறுப்புத் தக்கை வரும் வரைக்கும் பார்ப்போம். கறுப்பு வந்தது. சரி, அடுத்த நீலம். நீலத்தோடு ஒரு கெளுத்தி வந்தது, முள் கையில் ஏறி ரத்தம் வந்தது, வலிக்கவில்லை. இன்னும் ஒரு கறுப்பு. எவ்வளவு லேசாக இருக்கிறது, திரும்பாமல் இருப்பது! ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கழுத்தை அப்படியே வைத்துக்கொண்டால் போதும். அவரும் அன்றைக்கு இப்படித்தான் உட்கார்ந்திருப்பார், துடுப்பைப் பிடித்துக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு, இன்னும் ஒரு தரம் கூப்பிடட்டும், இன்னும் ஒரு தரம். அவருக்கும் ஒரு மூச்சு நேரந்தான் இருந்திருக்கும். ஒரு தக்கைக்கும் அடுத்த தக்கைக்கும் நடுவில் இருக்கிற நேரம். நல்லா வேணும் அவருக்கு. இப்போ தெரியட்டும், முதுகைப் பார்த்துக் கூப்பிடுகிறது எப்படி இருக்கும் என்று. இதை நினைத்தது தான்தானா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. ஆனால் நினைத்தாகிவிட்டது, அது உள்ளே இனிப்பாகவும் இருந்தது, அந்த இனிப்புதான் அவளைப் பயமுறுத்தினது. அன்றைக்குச் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். மண்ணைப் போட்டுத் தேய்த்தாள். தேய்க்கிற கை நின்றது. நின்றதா? கரி போகாததால் நின்றது. இல்லை, கரி போயிருந்தது, சட்டி பளபளவென்று இருந்தது, அதில் அவள் முகம்கூடத் தெரிந்தது, முகம் தண்ணீர்ப் பக்கம் பார்க்காமல் சட்டியையே பார்த்துக்கொண்டு... அப்புறம் சட்டியைக் கவிழ்த்தாள். அவ்வளவுதான் நடந்தது. சொன்னேனே, அவ்வளவுதான்.

மூன்றாவது வரவில்லை. அடுத்த தக்கை வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. அதற்குள் பரிசல் பேசினது. அவள் பக்கம் மெள்ள மெள்ள ஏறியது, எதிர் விளிம்பு இறங்கியது, அதுவும் ஆள் நகர்ந்து உட்காருகிற மாதிரி சட்டென்று இறங்கவில்லை, சாய்த்து வைத்த நெல் மூட்டை தானாகச் சரிகிற மாதிரி சரிந்துகொண்டே இருந்தது. இது அவருடைய எந்த அசைவும் இல்லை. பத்தொன்பது வருஷத்தில் ஒரு தரம்கூட அவர் உடம்பு பரிசலில் இப்படிச் சரிந்தது கிடையாது. எண்ணிக்கையாவது மண்ணாவது, மூணாவது தரமாவது, அவள் வலையை விட்டுவிட்டுத் திரும்பிவிட்டாள். ஒரேயடியாகத் திரும்பினதில் பரிசல் ஆடித் தண்ணீர் உள்ளே கொப்பளித்தது. பொன்னுரங்கம் விளிம்பில் சாய்ந்து கிடந்தான். அந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டிய ஆள் எப்போதோ இவள் பக்கம் திரும்பியிருக்கிறான்; எப்போதென்று தெரியாது, எவ்வளவு நேரமாக இவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தானோ தெரியாது. முகத்தில் இடது பாதி கீழே வழிந்திருந்தது. வாயோரம் எச்சில். வலது கண் மட்டும் அவளையே பார்த்தது, அகலமாக, பச்சைக் குழந்தை பார்க்கிற மாதிரி. துடுப்பு அவன் வலது அக்குளில் மாட்டிக்கொண்டிருந்தது, விடவில்லை.

"ஏங்க!" என்றாள். பதினோரு நாளுக்கு அப்புறம் வந்த முதல் வார்த்தை கீச்சென்று வந்தது. "ஏங்க, என்னங்க பண்ணுது? ஐயோ, கூப்ட்டிருக்கக் கூடாதா, சத்தமாக் கூப்ட்டிருக்கக் கூடாதா பாவி மனுசா!"

அவன் வாய் அசைந்தது. நாக்கு ஒத்துழைக்கவில்லை.

"பேசாத, பேசாத. இல்ல, பேசு. கண்ண மூடாத, என்னப் பாரு." அவள் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து வலையை அறுத்தாள். இன்னும் பாதி வலை தண்ணீருக்குள் இருந்தது, அதில் எத்தனை வாளையோ, போகட்டும், ஊரே தின்னட்டும். அவன் கக்கத்தில் கை கொடுத்துப் பரிசல் நடுவுக்கு இழுத்து, மீனோடு மீனாகச் சாய்த்து உட்காரவைத்தாள். துடுப்பை வாங்கும்போது அவன் விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. துடுப்பைத் தண்ணீரில் போட்ட பிறகுதான் தெரிந்தது, எந்தப் பக்கம் போவது? துடுப்புப் போடாமல் விட்டதில் பரிசல் எத்தனை சுற்றுச் சுற்றியதோ. வலையைப் பிடித்துக்கொண்டிருந்தால் திக்காவது தெரியும், அதையும் அறுத்துவிட்டாள். நாலு பக்கமும் ஒரே வெள்ளை. கரை எங்கேயோ பக்கத்தில்தான் இருக்கிறது, கூப்பிட்டால் கேட்கிற தூரந்தான், ஆனால் எந்தப் பக்கம்? தப்பாகப் போனால் அணைப் பக்கம் போய்விடும், அங்கே கரை ஒரு மணி நேரத்துக்கு வராது, அவருக்கு ஒரு மணி நேரம் இல்லை. அது அவளுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்தது. காதைக் கொடுத்துக் கேட்டாள். எங்கேயோ துணி துவைக்கிற சத்தம், தொப், தொப் என்று. எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது.

"ஏய்! கரையில ஆரு? ஆளுக்கு முடியல, ஆரு கரையில?" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

துணி துவைக்கிற சத்தம் நின்றது. நின்றதே தவிரப் பதில் இல்லை. மாதம்மா துடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். துடுப்பிலிருந்து சொட்டுகிற தண்ணீர்ச் சத்தந்தான் கேட்டது. "ஏய்!" என்று இன்னொரு தரம் கத்தினாள். "கேக்குதா? ஆராவது இருக்கீங்களா?" இருக்கிறாள் ஒருத்தி. பனிக்கு அந்தப் பக்கம், கல்லில் துணியைப் பிடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கேட்டுவிட்டது அவளுக்கு. அவள் என்ன செய்கிறாள் என்று மாதம்மாவுக்கு நன்றாகத் தெரியும், உலகத்தில் வேறு எதுவும் இவ்வளவு நன்றாகத் தெரியாது. வாய் திறந்தபடி நின்றுபோனாள்.

"அ...க்கா," என்றான் பொன்னுரங்கம்.

"நாந்தாங்க. மாதா. என்னத் தெரியலியா?"

அவன் அதில்லையென்று தலையை ஆட்டினான். வார்த்தை ஒவ்வொன்றும் பாதி பாதியாக வாயின் ஒரு ஓரத்திலிருந்து வந்தது. "அவன்... அக்கான்னு. ரெண்டு தரம். மாமான்னு... கூப்புடல."

மாதம்மா தூக்கிப் பிடித்த துடுப்பை இறக்கினாள்.

"நீ... பரிசல்ல இல்லியே. கீழ போனவன்... கோயில் பக்கமிருந்து எப்படி... அதான். ஊருன்னு... நெனச்சன்." வலது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "ஒங்கிட்ட... சொல்லக்கூடாதுன்னு... இருந்தன். ஒன்னக் கூப்ட்டான்னு."

எட்டு வருஷமாக இந்த மனுஷன் இதை வாயில் அடக்கிக்கொண்டிருந்திருக்கிறான். தான் திரும்பவில்லை என்பதைச் சொன்னவன், தன் தலையில் பழியைப் போட்டுக்கொண்டவன், இந்த ஒரு வார்த்தையை மட்டும் அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். குடித்துவிட்டு அழுதபோதுகூட அதை விடவில்லை.

"எனக்கும் கேட்டுச்சுங்க," என்றாள்.

அவன் கண் அசையாமல் நின்றது.

"கரையில சட்டி கழுவிட்டிருந்தன். ரெண்டு தரமும் கேட்டுச்சு. எந்தம்பி கொரலுன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சும் மூணாவதுக்காக நின்னுட்டிருந்தன். வரல. சட்டியக் கவுத்துட்டு ஊட்டுக்குப் போயிட்டன்." இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னாள், யாரோ அவள் வாயில் இருந்து பிடுங்கி எடுக்கிற மாதிரி வந்தது. "நீ பண்ணல. நீ மட்டும் பண்ணல. கேக்குதா?"

அவனுடைய வலது கை பரிசல் தரையில் மீன்களுக்கு நடுவில் எதையோ தேடினது. அவள் பாதம் கிடைத்தது, அதைப் பிடித்துக்கொண்டான். பிடியில் இன்னும் பலம் இருந்தது. மாதம்மா அழவில்லை, அழ நேரமில்லை. நிமிர்ந்து, பனியைப் பார்த்து, நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் சேர்த்து மூன்றாவது தரம் கூப்பிட்டாள்.

"ஆரது?" என்று ஒரு பொம்பளைக் குரல் உடனே கேட்டது, கிட்டத்தில், வலது பக்கமிருந்து, கொஞ்சம் பயந்த குரல். மாதம்மா அந்தப் பக்கமாகப் பரிசலைத் திருப்பினாள்.